கடனில் சொத்தெல்லாம் இழந்த முஆத் பின் ஜபல் (ரலி)



புகழ் அனைத்தும் அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய சகோதர சகோதரிகளே! இந்த வாரம் ஒரு ஸஹாபியின் வாழ்க்கையைப் பார்க்கப் போகிறோம். முஆத் பின் ஜபல் (ரலி) என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? பெரிய ஆலிம், ஹலால் ஹராமை நன்கு அறிந்தவர், யமனுக்கு அனுப்பப்பட்டவர். மத்ரஸாவில் படித்த பிள்ளைகூட இதைச் சொல்லிவிடும். ஆனால் இதே முஆத் ஒரு காலத்தில், கடன் கொடுத்தவர்கள் தேடி வருகிறார்கள் என்று வீட்டை விட்டு வெளியே வராமல் இருந்தார் என்பதும், அவருடைய சொத்து முழுவதும் விற்கப்பட்டு வெறுங்கையாக நின்றார் என்பதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இதை இன்று சொல்வதற்குக் காரணம் உண்டு. வேலை போய், வருமானம் நின்று, மூன்று நான்கு மாத வாடகை பாக்கியாகி, வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள் என்ற நிலையில் இருப்பவர் உங்கள் ஸஃப்பிலேயே உங்களுக்குப் பக்கத்தில் தொழுதுவிட்டுப் போகிறார். நம்மிடம் சொல்ல மாட்டார். தொழுகை முடிந்ததும் யார் கண்ணிலும் படாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார். ஒருவேளை இதைப் படிக்கும் நீங்களே அவராக இருக்கலாம். ஒருவேளை அந்த வீட்டின் சொந்தக்காரராகவும் இருக்கலாம். இரண்டு பேருக்கும் இந்த வரலாற்றில் செய்தி இருக்கிறது.

முஆத் (ரலி) மதீனாவின் அன்ஸாரி, கஸ்ரஜ் கோத்திரத்தைச் சேர்ந்தவர். பதினெட்டு வயதில் இஸ்லாத்தை ஏற்றார். மினாவில் நடந்த இரண்டாவது அகபா உடன்படிக்கையில் கலந்துகொண்ட எழுபதுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவர். பத்ரு முதல் எல்லாப் போர்களிலும் பங்கெடுத்தார். அழகான தோற்றம், நல்ல குணம், தாராளமான கை. இந்த மூன்றையும் அவரைப் பற்றிச் சொன்னவர்கள் சேர்த்தே சொல்கிறார்கள். குர்ஆனை யாரிடம் கற்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் நான்கு பேரைக் குறிப்பிட்டார்கள். அதில் ஒருவர் முஆத்.

அவர் வாழ்ந்தது பனூ ஸலிமா கிளையாரோடு. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப வரும். மஸ்ஜிதுந் நபவீயிலிருந்து தொலைவில் குடியிருந்தவர்கள் இவர்கள். பள்ளிக்குப் பக்கத்தில் வீடு மாறலாமா என்று நினைத்தபோது, இருக்கும் இடத்திலேயே இருங்கள், உங்கள் காலடிகள் எழுதப்படுகின்றன என்ற கருத்தில் நபியவர்கள் அவர்களைத் தடுத்தார்கள். முஆத் நபியவர்களுக்குப் பின்னால் இஷா தொழுதுவிட்டு, அங்கிருந்து நடந்து வந்து, தம் மக்களுக்கு இமாமாக நின்று தொழ வைப்பார்.

ஒருநாள் அந்தத் தொழுகையில் அல்பகராவை ஓத ஆரம்பித்துவிட்டார். பின்னால் நின்றவர்களில் ஒருவர், பகலெல்லாம் ஒட்டகங்களை வைத்துத் தண்ணீர் இறைத்து உழைத்துவிட்டு வந்தவர். அவரால் நிற்க முடியவில்லை. விலகிப்போய்த் தனியாகத் தொழுதுவிட்டுப் போய்விட்டார். முஆத் அவரைக் கடுமையாகச் சொன்னார். விஷயம் நபியவர்களிடம் போனது. நபியவர்கள் கோபப்பட்டது உழைப்பாளி மீது அல்ல, முஆத் மீது. மக்களைக் குழப்பத்தில் ஆழ்த்துகிறாயா என்று மூன்று முறை கேட்டார்கள். பின்னால் முதியவர் இருப்பார், பலவீனர் இருப்பார், தேவை உள்ளவர் இருப்பார், சிறிய சூராக்களை ஓது என்று சொல்லிக் கொடுத்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி இது. தேவை உள்ளவர் பின்னால் நிற்கிறார் என்பதை இமாம் மறக்கக்கூடாது என்று அன்றே கற்றுக்கொண்டவர், பின்னாளில் தாமே தேவை உள்ளவராக ஆனார்.

எப்படி ஆனார்? சூதாடியோ ஆடம்பரம் செய்தோ அல்ல. கேட்டவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாதவர். கையில் இருந்தால் கொடுப்பார், இல்லையென்றால் கடன் வாங்கிக் கொடுப்பார். இப்படியே வாங்கி வாங்கி, அவருடைய சொத்து முழுவதும் கடனில் மூழ்கிவிட்டது. அந்தக் கால மதீனா எப்படிப்பட்டது என்பதையும் நினைத்துப் பாருங்கள். பேரீச்சம் பழம் பறிக்கும் பருவத்தில்தான் வரவு. மற்ற மாதங்களில் முன்பணம், அடமானம், தவணை. விளைச்சல் பொய்த்தால் கடன் அடுத்த பருவத்துக்கு நீளும். தாராள மனம் கொண்ட ஓர் இளைஞன் அந்தச் சுழலில் விழுந்தால் வெளியே வருவது எளிதல்ல.

கடன் கொடுத்தவர்கள் நெருக்க ஆரம்பித்தார்கள். முஆத் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார். ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரலி) வழியாக வரும் அறிவிப்பில், பல நாட்கள் அவர் வெளியே வரவில்லை என்று இருக்கிறது. சகோதரர்களே, அகபாவில் கைகொடுத்தவர், பத்ரில் வாள் பிடித்தவர், வாசலில் நிற்கும் கடன் கொடுத்தவரைப் பார்க்க முடியாமல் உள்ளே இருக்கிறார். ஈமான் குறைந்ததாலா? இல்லை. கையில் பணம் இல்லாத மனிதனின் வெட்கம் அது. போன் அடித்தால் எடுக்காமல் இருப்பவரைப் பார்த்து உடனே ஏமாற்றுக்காரர் என்று முடிவு கட்டுகிறோமே, அதற்கு முன் முஆதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

அதே பனூ ஸலிமாவில் அபுல் யஸர் (ரலி) என்று ஒரு ஸஹாபி. பத்ரில் கலந்துகொண்டவர். அவருக்கு ஒருவர் கடன் தர வேண்டியிருந்தது. வீட்டுக்குப் போய் ஸலாம் சொல்லி, அவர் இருக்கிறாரா என்று கேட்டார். இல்லை என்று பதில். அப்போது அந்த வீட்டுச் சிறுவன் வெளியே வந்தான். அவனிடம் கேட்டார். தகப்பனார் அபுல் யஸரின் குரலைக் கேட்டதும் தாயாரின் கட்டிலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார் என்று அவன் உண்மையைச் சொல்லிவிட்டான். குழந்தைகள் அப்படித்தான்! அபுல் யஸர் கூப்பிட்டார், அவர் வெளியே வந்தார். ஏன் ஒளிந்தீர் என்று கேட்டதற்கு, பொய் சொல்ல நேருமோ, வாக்குக் கொடுத்து மீற நேருமோ என்று பயந்ததாகவும், தாம் உண்மையிலேயே கஷ்டத்தில் இருப்பதாகவும் சொன்னார். அல்லாஹ்வின் மீது ஆணையாகவா என்று திரும்பத் திரும்பக் கேட்டு உறுதி செய்துகொண்ட அபுல் யஸர், கடன் பத்திரத்தை வாங்கித் தம் கையாலேயே அழித்தார். கிடைத்தால் கொடும், இல்லாவிட்டால் உமக்கு விடுதலை என்றார். கஷ்டப்படுபவனுக்கு அவகாசம் கொடுப்பவனை, அல்லது தள்ளுபடி செய்பவனை, அல்லாஹ் தன் நிழலில் வைப்பான் என்று நபியவர்கள் சொன்னதைத் தம் காதால் கேட்டதாகச் சொன்னார். ஸஹீஹ் முஸ்லிமில் இது நீண்ட செய்தியாக வருகிறது.

முஆதுக்கு அப்படிப்பட்ட ஆள் எல்லோரும் அமையவில்லை.

விஷயம் நபியவர்களிடம் வந்தது. ஓர் அறிவிப்பில் முஆதே போய், கடன் கொடுத்தவர்களிடம் தமக்காகப் பேசும்படி கேட்டார் என்று இருக்கிறது. மற்றோர் அறிவிப்பில் கடன் கொடுத்தவர்கள் முறையிட்டார்கள், நபியவர்கள் முஆதை ஆளனுப்பி வரவழைத்தார்கள் என்று இருக்கிறது. எப்படியோ இரு தரப்பும் நபியவர்களின் முன்னால் வந்து சேர்ந்தது. நபியவர்கள் விட்டுக்கொடுக்கும்படி கேட்டார்கள். முஆதுக்கு இதை தர்மமாக விட்டுவிடுபவருக்கு அல்லாஹ்வின் அருளை வேண்டினார்கள். சிலர் விட்டுக்கொடுத்தார்கள். மற்றவர்கள் முடியாது என்றார்கள்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். கேட்டவர் யார்? அல்லாஹ்வின் தூதர். யாருக்காகவேனும் யாரேனும் கடனை விட்டுக்கொடுப்பதாக இருந்தால், அல்லாஹ்வின் தூதருக்காக முஆதின் கடனை விட்டிருப்பார்களே என்று இந்தச் செய்தியை அறிவித்தவர் ஆதங்கத்தோடு குறிப்பிடுகிறார். ஆனாலும் நபியவர்கள் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. கொடுத்தவனுக்கு அவன் பணத்தின் மீது உரிமை இருக்கிறது. பரிந்துரை வேறு, தீர்ப்பு வேறு. வீட்டுச் சொந்தக்காரரும் அந்த வாடகையை நம்பியே மருந்து வாங்குபவராக இருக்கலாம். ஏழைக்காகப் பேசுகிறோம் என்று மற்றவரின் உரிமையை மிதிக்க மார்க்கம் இடம் கொடுக்கவில்லை.

பரிந்துரை எடுபட்ட இடமும் உண்டு. கஅப் பின் மாலிக் (ரலி), இவரும் பனூ ஸலிமாதான், தமக்கு வரவேண்டிய கடனைப் பள்ளிவாசலில் வைத்து ஒருவரிடம் கேட்டார். இருவர் குரலும் உயர்ந்துவிட்டது. நபியவர்கள் தம் அறையின் திரையை விலக்கி, பாதியைக் குறைத்துக்கொள் என்று கையால் சைகை காட்டினார்கள். கஅப் உடனே ஒப்புக்கொண்டார். உடனே நபியவர்கள் கடன்பட்டவரைப் பார்த்து, எழுந்து மீதியைக் கொடு என்றார்கள். பஞ்சாயத்து பேசுபவர்கள் இந்த இரண்டாவது பாதியை மறந்துவிடுகிறோம். சொந்தக்காரரிடம் பாதி குறைக்கச் சொன்னால், மறு பாதி இன்றே அவர் கைக்குப் போவதற்கு நாம் வழி செய்ய வேண்டும். ஜமாஅத்தில் பத்துப் பேர் சேர்ந்தால் முடியாத காரியமா?

முஆதின் விஷயத்தில் சமரசம் முடியாமல் போனதும் நபியவர்கள் தீர்ப்பளித்தார்கள். முஆதைப் பொறுமையாக இருக்கச் சொன்னார்கள். அவருடைய சொத்தை எடுத்து, கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிட்டார்கள். ஏழில் ஐந்து பங்குதான் அவர்களுக்குக் கிடைத்தது. மீதிக்கு என்ன வழி? ஆளையே விற்றுத் தரும்படி கேட்டார்கள்! அறியாமைக் காலத்தில் கடனுக்கு மனிதன் அடிமையாகும் வழக்கம் இருந்தது. நபியவர்கள் மறுத்துவிட்டார்கள். அவரை விட்டுவிடுங்கள், இதற்கு மேல் அவர் மீது உங்களுக்கு வழி இல்லை என்று முடித்துவிட்டார்கள். அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவிக்கும் இன்னொரு நிகழ்விலும் இதே முறையைப் பார்க்கிறோம். ஒருவர் வாங்கிய பழங்களுக்குச் சேதம் ஏற்பட்டு, கடன் பெருகிவிட்டது. நபியவர்கள் முதலில் மக்களை அவருக்கு தர்மம் செய்யச் சொன்னார்கள். மக்கள் கொடுத்தார்கள், போதவில்லை. பிறகு கடன் கொடுத்தவர்களிடம், கிடைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் உங்களுக்கு இல்லை என்றார்கள். வரிசையைக் கவனியுங்கள். ஊர் முதலில் கை கொடுக்க வேண்டும், அதன் பிறகுதான் பங்கீடு.

இந்த நிகழ்வுகளை வைத்து நம் இமாம்கள் விரிவாகப் பேசியிருக்கிறார்கள். கடனாளியின் சொத்தை விற்கும்போது அவன் குடியிருக்கும் வீட்டையும் விற்கலாமா? அவனுக்கு அவசியமான குடியிருப்பை விற்கக்கூடாது என்பது ஹன்பலி மத்ஹப். வீடும் விற்கப்படும், உடுதுணியும் பங்கீட்டு நாளின் உணவும் விட்டுவைக்கப்படும் என்பது நம்மில் பலர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹப். கேட்டதும் இது கடுமையாகத் தோன்றும். ஆனால் பிற்கால ஷாஃபிஈ நூல்கள் அதோடு நிறுத்தவில்லை. வாடகைக்கு வீடு எடுத்துக்கொள்வது எளிது என்பதுதான் விற்பதற்கு அவர்கள் சொல்லும் காரணம். வாடகைக்கும் வழி இல்லையென்றால்? அந்தச் சுமை முஸ்லிம்களில் வசதி உள்ளவர்கள் மீது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வீடு இழந்தவனின் வாடகை ஊரில் வசதியானவன் தலையில்! இதை எத்தனை மஹல்லாவில் சொல்லியிருக்கிறோம்? வட்டி ஹராம் என்று உரக்கச் சொல்லும் நாம், அந்த வட்டிக்காரனிடம் ஒருவர் ஏன் போக நேர்ந்தது என்பதையும் கேட்டாக வேண்டும்.

முஆதிடம் திரும்புவோம். எல்லாம் போய், ஒன்றுமில்லாதவராக அவர் பனூ ஸலிமாவுக்குப் போனார். அங்கே ஒருவர் அவருக்கு யோசனை சொன்னார். இன்று நீர் ஒன்றுமில்லாதவராகிவிட்டீர், நபியவர்களிடம் போய் உதவி கேட்கலாமே என்றார். முஆத் மறுத்துவிட்டார். நான் அவர்களிடம் கேட்க மாட்டேன் என்று இருந்துவிட்டார்.

இந்த இடத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பயான்களில் இதை வைத்து, பார்த்தீர்களா முஆத் கேட்கவில்லை, நீங்களும் கேட்காதீர்கள் என்று கஷ்டப்படுபவரைப் பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள். அது நியாயமல்ல. கேட்காமல் இருந்தது முஆதின் உயர்ந்த தன்மானம், அவர் தமக்காகத் தேர்ந்தெடுத்தது. மக்களிடம் எதையும் கேட்பதில்லை என்று நபியவர்கள் சில தோழர்களிடம் வாக்குறுதி வாங்கியதும் உண்மை. சாட்டை கீழே விழுந்தால்கூட எடுத்துத் தரச் சொல்லாதவர்கள் அவர்கள். ஆனால் அந்த வார்த்தையை நபியவர்கள் தாழ்ந்த குரலில், அங்கிருந்த சிறு கூட்டத்திடம் மட்டும் சொன்னார்கள் என்று அதே ஹதீஸில் இருக்கிறது. ஊருக்கெல்லாம் சட்டமாக அறிவிக்கவில்லை.

சட்டம் எது என்பது கபீஸா பின் முகாரிக் (ரலி) அவர்களின் ஹதீஸில் இருக்கிறது. இவர் இரண்டு தரப்புக்கிடையே சமாதானம் செய்வதற்காக ஒரு தொகையைத் தம் மீது ஏற்றுக்கொண்டு, அதைக் கட்ட முடியாமல் நபியவர்களிடம் வந்தார். ஸதகா வரும்வரை இங்கேயே இரு, உனக்குக் கொடுக்கச் சொல்கிறேன் என்று நபியவர்கள் அவரைத் தங்க வைத்தார்கள். பிறகு கேட்பது மூவருக்கு ஆகும் என்று விளக்கினார்கள். இவரைப்போல் பிறருக்காகப் பொறுப்பேற்றவர் ஒருவர். பேரிடர் வந்து சொத்தை அழித்துவிட்ட மனிதர் மற்றொருவர். வறுமை தாக்கி, அவருடைய கூட்டத்தில் விவரமுள்ள மூன்று பேர் ஆம், இவர் கஷ்டத்தில்தான் இருக்கிறார் என்று சொல்லும் நிலையில் உள்ளவர் மூன்றாமவர். வாழ்க்கை நிமிரும்வரை கேட்கலாம், அதன்பின் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஆகவே வருமானம் நின்று, வீட்டைக் காலி செய்யும் நாள் நெருங்கிவிட்ட சகோதரரே, நீங்கள் கேட்பது பிச்சை அல்ல. முகத்தில் சதையில்லாமல் மறுமையில் வருவான் என்று எச்சரிக்கப்பட்டது, தேவையில்லாமல் கேட்பதையே பிழைப்பாக்கிக்கொண்டவனைப் பற்றியது. உங்கள் வாடகை பாக்கி ஒரு கடன். அதைத் தீர்க்க வழியில்லாத கடனாளி, அத்தவ்பா சூராவின் 60ஆவது வசனம் ஜகாத்துக்கு உரியவர்களாகச் சொல்லும் எட்டு வகையினரில் ஒருவர். இமாமிடமோ நிர்வாகத்திடமோ போய், எத்தனை மாத பாக்கி, எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். விசாரித்தால் வருத்தப்படாதீர்கள். மூன்று பேர் சாட்சி என்று நபியவர்கள் சொன்னது அதற்குத்தான். விசாரிப்பவர்களும் மூன்று பேரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், முந்நூறு பேர் பார்க்கும் வாட்ஸ்அப் குழுவில் அவர் பெயரையும் போட்டோவையும் போடக்கூடாது. சொந்தக்காரரிடமும் ஒளியாமல் போய்ப் பேசுங்கள். கஷ்டத்தில் இருப்பவனுக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்க வேண்டும், தர்மமாக விட்டுவிடுவது இன்னும் மேலானது என்பது அல்பகராவின் 280ஆவது வசனத்தின் கட்டளை. முஆத் அன்று தொழுகையில் ஓத ஆரம்பித்தாரே, அதே சூரா.

முஆத் கேட்கவில்லை. ஆனால் நபியவர்கள் அவர் கேட்கட்டும் என்று காத்திருக்கவில்லை. சில நாட்களில் கூப்பிட்டனுப்பி யமனுக்குப் பொறுப்பாளராக அனுப்பினார்கள். இதன் மூலம் அல்லாஹ் உம் நிலையைச் சரிசெய்யலாம், உம் கடனைத் தீர்க்கலாம் என்று காரணத்தையும் சொன்னார்கள். ஒரு கைப்பிடி தீனார் கொடுத்து அனுப்பியிருந்தால் அன்றைய பசி தீர்ந்திருக்கும். நபியவர்கள் அவருடைய அறிவுக்கேற்ற வேலையைக் கொடுத்தார்கள். திவாலான மனிதரை, ஊரே பார்க்கச் சொத்து விற்கப்பட்டவரை, ஜகாத் வசூலிக்கும் பொறுப்பில் அமர்த்தினார்கள். கடன்பட்டுவிட்டதால் ஒருவர் நம்பிக்கைக்கு உரியவர் அல்லாமல் போய்விடுவதில்லை. இன்று வாடகை கட்ட முடியாதவரிடம் பள்ளிவாசல் கணக்கை நம்பி ஒப்படைப்போமா?

அவரை வழியனுப்பும்போது சொன்ன அறிவுரைகள் பிரபலமானவை. செல்வந்தர்களிடமிருந்து ஜகாத்தை எடுத்து அங்குள்ள ஏழைகளுக்கே திருப்பிக் கொடு. அவர்களின் மிக உயர்ந்த பொருள்களைத் தேடி எடுக்காதே. அநீதி இழைக்கப்பட்டவனின் துஆவைப் பயந்துகொள், அதற்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரை இல்லை. சொத்து பறிபோன வேதனையை அனுபவித்த ஒருவரின் காதில் இந்த வார்த்தைகள் எப்படி விழுந்திருக்கும் என்று யோசியுங்கள். முஆத் வாகனத்தில் அமர்ந்திருக்க, நபியவர்கள் பக்கத்தில் நடந்து வந்தார்கள். இனி நீர் என்னைச் சந்திக்காமல் போகலாம், என் பள்ளியையும் கப்ரையும் கடந்து போவீராக இருக்கும் என்றார்கள். முஆத் அழுதார். அப்படியே ஆயிற்று. அவர் திரும்புவதற்குள் நபியவர்கள் வஃபாத்தாகிவிட்டார்கள்.

யமனில் அவர் அல்ஜனத் என்ற ஊரை மையமாக வைத்திருந்தார். இன்றும் தஇஸ் நகருக்கு அருகே அவர் பெயரோடு இணைத்துச் சொல்லப்படும் பழமையான பள்ளிவாசல் அங்கே இருக்கிறது. ஜகாத்தாக வாற்கோதுமை, சோளத்துக்குப் பதிலாகத் துணிகளைத் தாருங்கள், உங்களுக்கும் எளிது, மதீனாவில் உள்ள நபித்தோழர்களுக்கும் அதுதான் பயன்படும் என்று அம்மக்களிடம் கேட்டு வாங்கினார். தேவைப்படுபவனுக்கு எது தேவை என்று பார்த்துக் கொடுப்பது இதுதான். வாடகைக்கு வழியில்லாதவர் வீட்டுக்கு நான்காவது அரிசி மூட்டையைக் கொண்டுபோய் இறக்குகிறோம் அல்லவா!

அபூபக்ர் (ரலி) அவர்களின் ஆட்சியில் முஆத் திரும்பினார். இப்போது கையில் செல்வம் இருந்தது. யமனில் பொது நிதியைக் கொண்டு வணிகம் செய்து ஈட்டியது. உமர் (ரலி) அவர்களுக்கு இது சரியாகப் படவில்லை. அவர் பிழைப்புக்குத் தேவையானதை விட்டுவிட்டு மீதியை வாங்கிவிடுங்கள் என்று கலீஃபாவிடம் சொன்னார்கள். அபூபக்ர் (ரலி) மறுத்தார்கள். அவர் நிலை நிமிர வேண்டும் என்றுதான் நபியவர்கள் அனுப்பினார்கள், அவராகத் தந்தாலன்றி நான் எடுக்க மாட்டேன் என்றார்கள். உமர் நேராக முஆதிடமே போய்ச் சொன்னார்கள். முஆத் ஏற்கவில்லை. அன்றிரவோ பின்போ ஒரு கனவு. ஆழமான தண்ணீரில் மூழ்கப் போகிறார், உமர் வந்து காப்பாற்றுகிறார். மறுபேச்சில்லாமல் உமரிடம் வந்து, நீர் சொன்னபடி செய்கிறேன் என்றார். கலீஃபாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி, எதையும் மறைக்கவில்லை என்று சத்தியமும் செய்தார். அபூபக்ர் (ரலி) அதைத் தொடவில்லை, உமக்கே அன்பளிப்பு என்றார்கள். இப்போதுதான் இது ஹலாலாகவும் தூய்மையாகவும் ஆனது என்றார்கள் உமர். ஒருகாலத்தில் எல்லாவற்றையும் இழந்தவருக்கு, மீண்டும் கிடைத்ததைக் கொண்டுபோய் முன்னால் வைப்பது எவ்வளவு கடினம் என்பது இழந்தவர்களுக்குத்தான் தெரியும்.

பிறகு அவர் ஷாமுக்குப் போனார். உமர் (ரலி) ஆட்சியில், ஷாமின் ஜாபியாவில் மக்கள் முன் உரை நிகழ்த்தும்போது, சட்ட விளக்கம் வேண்டுவோர் முஆதிடம் போகட்டும் என்றார்கள். பணம் வேண்டுவோர் என்னிடம் வரட்டும், அல்லாஹ் என்னை அதற்குப் பொருளாளராக ஆக்கியிருக்கிறான் என்றார்கள். கலீஃபா மேடையில் நின்று, கேட்க வாருங்கள் என்று அழைக்கிறார்!

ஒருமுறை உமர் (ரலி) அவரை பனூ கிலாப் கூட்டத்தாரிடம் ஜகாத் பொறுப்பாளராக அனுப்பினார்கள். வசூலித்ததை அங்கேயே ஏழைகளுக்குப் பங்கிட்டுவிட்டு, கொண்டுபோன சேணத் துணியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வெறுங்கையோடு வீடு வந்தார். மனைவி கேட்டார். வசூலுக்குப் போனவர்கள் வீட்டுக்கு ஏதாவது கொண்டு வருகிறார்களே, நீங்கள் கொண்டுவந்தது எங்கே? என்னோடு ஒரு கண்காணிப்பாளர் இருந்தார் என்றார் முஆத். நபியவர்களும் அபூபக்ரும் நம்பிய உங்களோடு உமர் கண்காணிப்பாளரை அனுப்பினாரா என்று அந்த அம்மா பெண்களிடம் போய் முறையிட, செய்தி உமரிடம் வந்துவிட்டது. அழைத்து விசாரித்தார்கள். மனைவியிடம் சொல்ல வேறு சாக்கு கிடைக்கவில்லை என்றார் முஆத். அவர் மனத்தில் வைத்துச் சொன்ன கண்காணிப்பாளன் அல்லாஹ். உமர் சிரித்துவிட்டு, இதைக் கொடுத்து அவரைச் சமாதானப்படுத்தும் என்று ஏதோ கொடுத்தனுப்பினார்கள்.

இன்னொரு முறை உமர் (ரலி) நானூறு தீனார்களைப் பையில் கட்டி அபூ உபைதா (ரலி) அவர்களுக்கு அனுப்பினார்கள். என்ன செய்கிறார் என்று சற்றுநேரம் இருந்து பார்த்துவிட்டு வரும்படி பணியாளரிடம் சொன்னார்கள். அபூ உபைதா அங்கேயே பங்கிட்டுக் கொடுத்து முடித்துவிட்டார். அதேபோல் ஒரு பை முஆதுக்கும் வந்தது. முஆத் தம் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, இந்த வீட்டுக்கு இவ்வளவு, அந்த வீட்டுக்கு இவ்வளவு என்று அனுப்பிக்கொண்டே இருந்தார். அவருடைய மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, அல்லாஹ்வின் மீது ஆணையாக நாமும் ஏழைகள்தானே, நமக்கும் கொடுங்கள் என்றார். பையில் இரண்டு தீனார்தான் மிச்சம். அந்த இரண்டையும் மனைவியிடம் போட்டார். இரண்டு பேர் செய்ததையும் கேட்டு உமர் மகிழ்ந்து, இவர்கள் ஒருவருக்கொருவர் சகோதரர்கள் என்றார்கள்.

ஹிஜ்ரி 18இல் பாலஸ்தீனத்தின் அம்வாஸ் ஊரில் கிளம்பிய கொள்ளை நோய் ஷாம் முழுவதும் பரவியது. அபூ உபைதா (ரலி) அதில் வஃபாத்தானார்கள். பொறுப்பு முஆதிடம் வந்தது. அவருடைய பிள்ளைகள் அவருக்கு முன்பே அந்த நோயில் போய்விட்டார்கள். பிறகு அவரும். வயது நாற்பதைத் தொடவில்லை. ஜோர்தான் பள்ளத்தாக்கில் அடக்கம் செய்யப்பட்டார். ரழியல்லாஹு அன்ஹு.